எழுத்தாளரை ஊருக்கு அழைக்க ஓர் இணையதளம்: நிகழ்வு ஆய்வு

## ஒரு கூட்டமும் ஒரு கவரும்

2023 ஆகஸ்ட். மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் கிளை நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டம். சிறுவர் கதைகள் எழுதும் ஒரு பெண் எழுத்தாளரைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். ஐந்து மணிக் கூட்டத்துக்கு அவர் நாலரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம், நான்கு பேர் வாழ்த்துரை, நன்கொடை கொடுத்தவர்களுக்குப் பொன்னாடை என்று போய், அவர் கைக்கு மைக் வந்தபோது மணி ஏழேகால். அவர் கதை கேட்பதற்கென்றே கூட்டி வந்த பிள்ளைகளில் பாதிப் பேரைப் பெற்றோர் அதற்குள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மதுரை போய் இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால், அவர் இருபது நிமிடம் மட்டும் பேசிவிட்டு எழுந்தார். ஒரு பொன்னாடையும் ஒரு கவரும் கொடுத்து அனுப்பினார்கள்.

கவரில் இருந்த பணம் அவர் வந்துபோன செலவுக்கே போதவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கழித்து எங்களில் ஒருவர் துருவிக் கேட்டபோதுதான் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நூலகரை எனக்கு நன்றாகத் தெரியும். தேநீருக்கும் ஃப்ளெக்ஸுக்கும் தன் கைப்பணத்தைப் போட்டவர் அவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “எவ்வளவு கொடுக்கணும்னு எனக்குத் தெரியல சார். அவங்களும் சொல்லல. நேரா கேக்க எனக்கும் சங்கடமா இருந்துச்சு” என்றார். ஏமாற்ற நினைத்தவர் என்று இதில் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் மரியாதை காரணமாகவே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள். அதன் விலையை ஒரு பக்கம் மட்டும் கொடுத்தது.

இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பேசத் தொடங்கினோம். இரண்டு பேர் மென்பொருள் எழுதுபவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒருவர் பதிப்பகத்தில் வேலை பார்ப்பவர். நான் வடிவமைப்பாளன். எழுத்தாளர்களைத் தேடிக் கண்டுபிடித்து, தேதி வாங்கி, ஊருக்கு அழைக்க ஓர் இணையதளம் செய்யலாம் என்று முடிவானது. அன்று எங்கள் மனதில் இருந்தது பெரும்பாலும் ‘தேடிக் கண்டுபிடிப்பது’தான்.

## கேட்டுத் தெரிந்துகொண்டவை

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. அழைப்பவர்களையும் அழைக்கப்படுபவர்களையும் போய்ப் பார்த்தோம். இந்த நான்கு மாதத்தைப் பற்றி எனக்கு இன்றும் நிறைவு உண்டு.

அழைப்பவர்கள் பல வகை. பள்ளி இலக்கிய மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் தமிழாசிரியர், கல்லூரித் தமிழ்த்துறை, நூலக வாசகர் வட்டம், ஊர்ப் பெரியவர்கள் நடத்தும் இலக்கியப் பேரவை, புத்தகத் திருவிழாக் குழு. இதில் கடைசி வகை அண்மையில் பெருகியிருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது. ஈரோட்டிலும் நெய்வேலியிலும் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2022க்குப் பிறகு அரசே மாவட்டந்தோறும் நடத்தத் தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. 38 மாவட்டங்கள், ஒவ்வொன்றிலும் பத்து நாள் அளவில் மாலை மேடை. அத்தனை மாலைக்கும் பேச ஆள் வேண்டும்.

ஆளைப் பிடிக்கும் வழி மட்டும் மாறவில்லை. தெரிந்த எழுத்தாளரிடம் “உங்களால முடியலைன்னா வேற யாரையாவது சொல்லுங்க” என்று கேட்பார்கள். அல்லது புத்தகத்தின் முதல் பக்கங்களில் இருக்கும் பதிப்பக எண்ணுக்கு அடிப்பார்கள். ஃபேஸ்புக்கில் தேடுவார்கள். இதனால் அழைக்கப்பட்டவர்களே திரும்பத் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். நல்ல புத்தகம் எழுதிவிட்டுப் பக்கத்து ஊரிலேயே இருக்கும் மொழிபெயர்ப்பாளரை உள்ளூர்க் கல்லூரிக்கே தெரியாது. நாங்கள் சந்தித்த ஒரு துறைத்தலைவர் மூன்று ஆண்டு அழைப்பிதழ்களை எடுத்து மேசையில் பரப்பினார். சிறப்புரை என்ற இடத்தில் ஐந்து பெயர்கள்தான் மாறி மாறி வந்தன. ஒருவர்கூடப் பெண் இல்லை. அவரே அதை அன்றுதான் கவனித்தார்.

எழுத்தாளர் பக்கம் போனபோது வேறு கதை. எழுதுகிறவர் எல்லாரும் பேச்சாளர் இல்லை என்ற எளிய உண்மையை யாரும் பொருட்படுத்துவதில்லை. நாவல் எழுதும் ஒருவர் சொன்னார்: “ஆயிரம் பேர் முன்னால மேடையில நிக்கச் சொன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். இருபது பேர் வட்டமா உக்காந்தா ராத்திரி முழுக்கப் பேசுவேன்.” இதை எந்த அழைப்பாளரும் அவரிடம் கேட்டதில்லை. பட்டிமன்ற மேடையின் அளவுகோலை வைத்து அவரை “சரியாப் பேசமாட்டார்” என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

மற்றவை சிறியவை போலத் தெரியும், ஆனால் எல்லாரும் சொன்னார்கள். பேருந்து நிலையத்தில் கூட்டிப்போக யாரும் வரவில்லை. தங்க வைத்த இடத்தில் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை. அறிமுகம் செய்தவர் வேறொருவருடைய நாவலை இவர் எழுதியதாக வாசித்துவிட்டார். ஃப்ளெக்ஸில் பத்து ஆண்டுக்கு முந்தைய மங்கலான படம். வாட்ஸ்அப் முகப்பிலிருந்து வெட்டியது. புத்தகம் விற்க ஒரு மேசைகூடப் போடவில்லை.

## முதல் வடிவம், 2024 ஜனவரி

இவ்வளவையும் கேட்ட பிறகும் நாங்கள் செய்த முதல் வடிவம் விடுதி அறை பிடிக்கும் தளம் போலத்தான் இருந்தது. படம், நட்சத்திர மதிப்பீடு, நாட்காட்டி, கட்டணம், கீழே ‘முன்பதிவு செய்க’ என்ற பொத்தான். பழகிய அச்சு கையை அதன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும் என்பதை அப்போது உணர்ந்தேன்.

முதலில் சேர்ந்த எழுத்தாளர்கள் பன்னிரண்டு பேர். அதில் மூத்தவர் ஒருவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தமிழாசிரியருக்குப் போன் செய்தார். “ஏங்க ஐயா, நாப்பது வருஷமா எழுதுறேன். எனக்கு மூணரை நட்சத்திரம்னு ஒரு பையன் போடுவானா?” கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அன்று மாலையே நட்சத்திரங்களை எடுத்தோம்.

நாட்காட்டியை யாரும் தொடவே இல்லை. எந்த நாள் காலி என்று முன்கூட்டிக் குறித்து வைக்கும் பழக்கம் எழுத்தாளர்களுக்கு இல்லை. தேதி என்பது அழைக்கிறவர் யார், எந்த ஊர், என்ன கூட்டம் என்று கேட்ட பிறகு கொடுப்பது. பச்சை நிறத்தில் ‘காலி’ என்று காட்டிய நாட்களில் சிலர் வெளியூரில் இருந்தார்கள்; சிவப்பு காட்டிய நாளில் ஒருவர் வீட்டில் சும்மா இருந்தார்.

கட்டணக் கட்டத்தைப் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் காலியாக விட்டார்கள். நிரப்பிய மூவரில் இருவர் மறுநாளே அழித்தார்கள். தொகையைப் பொதுவில் போட்டால் ‘காசுக்குப் பேசுகிறவர்’ என்று பேச்சு வரும் என்ற அச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம் இன்னும் நியாயமானது. மலைக் கிராமத்து அரசுப் பள்ளிக்கு அவர்கள் சொந்தச் செலவில்கூடப் போவார்கள். பெரிய கல்விக் குழுமத்தின் கல்லூரிக்கு அப்படிப் போக வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே எண்ணை எப்படி எழுதுவது?

## தொலைபேசி எண்

இந்த வடிவத்தில் நடந்த பெரிய தவறு வேறு. எழுத்தாளரின் கைபேசி எண்ணைப் பக்கத்திலேயே போட்டிருந்தோம். தமிழ்ச் சூழலில் எல்லாமே போனில்தான் நடக்கிறது, அதை மறைத்தால் யாரும் தளத்தைப் பயன்படுத்தமாட்டார்கள் என்பது எங்கள் கணக்கு. எண்ணைப் போட எல்லாரிடமும் சம்மதம் கேட்டிருந்தோம்.

பிப்ரவரியில் ஒரு கவிஞரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று வாரமாக இரவு பதினொரு மணிக்கு மேல் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வருகிறது, ஒருவன் தளத்தின் பெயரைச் சொல்லியே பேசினான் என்று எழுதியிருந்தார். பத்து நிமிடத்தில் எல்லா எண்களையும் எடுத்தோம். ஆனால் தேடுபொறியின் நினைவில் அவை மேலும் சில நாள் இருந்தன. அவர் எண்ணை மாற்ற வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்டோம்; பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். தளத்துக்கு மட்டும் திரும்ப வரவில்லை.

ஒரு பெட்டியில் டிக் அடிக்க வைத்ததைச் சம்மதம் என்று எண்ணிக்கொண்டோம். எந்த எண் யாருக்கு, எந்தக் கட்டத்தில் தெரியும் என்று நாங்கள் அவரிடம் விளக்கவே இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்திருந்தது. எதற்காகத் தரவு வாங்குகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லியே சம்மதம் வாங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சட்டம் இல்லாவிட்டாலும் இதை யோசித்திருக்க வேண்டும். குழுவில் இருந்த பெண் ஒருவர் டிசம்பரிலேயே இதைப் பற்றித் தயங்கிச் சொன்னார். நாங்கள் நான்கு பேரும் “பாத்துக்கலாம்” என்று கடந்துபோனோம். நிகழ்வு ஆய்வு என்று எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

தளத்தை மூடி வைத்தோம்.

## இரண்டாம் வடிவம், 2024 ஜூன்: எடுத்த முடிவுகள்

திரும்பத் தொடங்கியபோது முதலில் மாற்றியது ஒரு சொல்லை. ‘முன்பதிவு’ போய் ‘அழைப்பு’ வந்தது. அறையையும் பேருந்து இருக்கையையும் முன்பதிவு செய்யலாம்; மனிதரை அழைக்கத்தான் முடியும். சொல் மாறியதும் படிவத்தின் தன்மையும் மாறியது. முன்பதிவில் விற்பவர் விவரம் சொல்ல வேண்டும், வாங்குபவர் தேர்ந்தெடுப்பார். அழைப்பில் அழைப்பவர்தான் தன்னைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

ஆகவே பாரத்தை அழைப்பவர் பக்கம் ஏற்றினோம். யார் கேட்கப் போகிறார்கள், என்ன வயது, எத்தனை பேர், அரங்கா மரத்தடியா, மைக் உண்டா, எந்தப் புத்தகத்தை ஒட்டிக் கூட்டம், அந்தப் புத்தகத்தை ஏற்பாட்டாளர் படித்திருக்கிறாரா, ஊருக்குள் வந்து சேர எது வசதி, நிலையத்துக்கு வரப்போவது யார், இரவு தங்கல் எங்கே. ‘படித்திருக்கிறாரா’ என்ற கேள்வியை வைக்கலாமா என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது. கேட்டால் சங்கடப்படுவார்கள் என்றார் ஒருவர். தமிழாசிரியர் விடவில்லை. “இல்லை, படிக்கப் போகிறேன்” என்பதையும் ஒரு பதிலாக வைத்துச் சமாதானம் ஆனோம். பின்னாளில் எழுத்தாளர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பதிலைத்தான் என்று தெரிந்தது. “படிக்கப் போகிறேன்” என்று எழுதியவர்களுக்கும் அவர்கள் போனார்கள். யாராவது கேட்டார்களே என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்தது நிகழ்ச்சி நிரல். சிறப்பு விருந்தினர் எத்தனை மணிக்குப் பேசத் தொடங்குவார், எத்தனை நிமிடம் என்பது கட்டாயக் கட்டம். கூட்டம் தொடங்கும் நேரத்துக்கும் அவர் பேசும் நேரத்துக்கும் நாற்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், ‘பிள்ளைகள் இருக்கும்போதே பேச முடியுமா என்று பாருங்கள்’ என்று ஒரு குறிப்பு தோன்றும். தடுப்பதில்லை, நினைவூட்டுவதோடு சரி.

பணம்தான் எங்களை நெடுநாள் அலைக்கழித்தது. எழுத்தாளர் தொகை சொல்லமாட்டார், அழைப்பவர் கேட்கமாட்டார். இருவருக்கும் இடையில் ஒரு தாள் வேண்டும். வழிச்செலவையும் சன்மானத்தையும் இரண்டு தனிக் கட்டங்களாகப் பிரித்தோம். கவர் என்ற பழக்கத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஆயிரம் ரூபாய் பயணத்தில் போனதா கையில் நின்றதா என்று கொடுத்தவருக்குத் தெரியாது. வழிச்செலவு கட்டாயம். ‘கொடுக்க இயலாது’ என்று தேர்ந்தெடுத்தால் அழைப்பு அந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே போகும். சன்மானத்தில் அழைப்பவர் தன்னால் முடிவதைச் சொல்ல வேண்டும். ‘சன்மானம் இல்லை’ என்றும் சொல்லலாம், ஆனால் சொல்லியாக வேண்டும். எழுத்தாளர் தன் பக்கத்தில், வேறு யாருக்கும் தெரியாமல், அரசுப் பள்ளிக்கு இவ்வளவு, தனியார் கல்லூரிக்கு இவ்வளவு, நூலகத்துக்கு எதுவும் வேண்டாம் என்று குறைந்தபட்சம் குறித்து வைக்கலாம். அதற்குக் கீழே வரும் அழைப்பு அவரை அடையாது. அனுப்பியவருக்கு ‘இப்போதைக்கு இயலவில்லை’ என்று மட்டும் போகும். “காசுக்காக மறுத்தார்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

பணத்தைத் தளத்தின் வழியாக வாங்கிக் கொடுக்கலாமே என்று பலர் கேட்டார்கள். யோசித்துத்தான் மறுத்தோம். கட்டணத்தை நாங்கள் வசூலித்துக் கொடுத்தால் ஜிஎஸ்டி சட்டத்தில் மின்வணிகம் நடத்துபவர் என்ற வகைக்குள் வருவோம். கட்டாயப் பதிவு, வரிப் பிடித்தம், மாதாமாதம் கணக்குத் தாக்கல் என்று வளரும். ஐந்து பேர் வேலை நேரம் போக மிச்சத்தில் செய்யும் காரியத்துக்கு அது தாங்காது. ஒத்துக்கொண்ட தொகை இருவர் கையிலும் எழுத்தில் இருக்கிறது. நேராக யுபிஐயில் அனுப்பிக்கொள்ளட்டும், நமக்கு வேலை அந்த எழுத்தைக் கொடுப்பதுதான் என்று முடிவு செய்தோம்.

கைபேசி எண்கள், இருவரும் ஒத்துக்கொண்ட பிறகே இருவருக்கும் தெரியும். அதற்கு முன் எல்லாம் தளத்துக்குள். எந்தக் கட்டத்தில் எது யாருக்குத் தெரியும் என்பதைச் சேரும்போதே படமாக வரைந்து காட்டினோம். பெண் எழுத்தாளர்களுக்குத் தங்குமிடம் பற்றிய கேள்விகள் கூடுதலாக வைத்தோம். பிறகு அவற்றை எல்லாருக்குமே பொதுவாக்கினோம். சரியான தாழ்ப்பாள் யாருக்குத்தான் வேண்டாம்?

மதிப்பீட்டைத் தலைகீழாக்கினோம். எழுத்தாளருக்கு மதிப்பெண் கிடையாது. கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் எழுத்தாளரிடம் ஒரே கேள்வி போகும்: சொன்னபடி நடந்ததா? நேரம், வழிச்செலவு, தங்கல் மூன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. அதே இடத்திலிருந்து அடுத்த அழைப்பு வரும்போது மற்ற எழுத்தாளர்கள் அதைப் பார்க்கலாம். எங்கள் வடிவமைப்பில் நான் மிகவும் நம்பிக்கை வைத்திருந்த பகுதி இது.

எழுத்தாளர் பக்கத்தில் மூன்று கோப்புகள் தயாராக இருக்கும்: ஃப்ளெக்ஸ் அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாத படம், அழைப்பிதழில் பெயரை எப்படிப் போட வேண்டும் என்ற ஒரு வரி, தொகுப்பாளர் வாசிக்க ஒரு நிமிட அறிமுகம். இந்த மூன்றுக்காக மட்டுமே தளத்துக்கு வருபவர்கள் உண்டு என்று பிறகு தெரிந்தது.

## தமிழில் தேடுவது

இதை எளிதென்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை.

வாழ்க்கைக் குறிப்பு அனுப்பச் சொன்னபோது பலர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை அனுப்பினார்கள். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றுக்கொண்டுவிட்டது; ஆனாலும் அச்சுக்கூடங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் வாழ்கின்றன. ஒட்டியதும் புரியாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். மாற்றியில் போட்டு எடுத்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றினோம்.

ஒருங்குறியிலும் சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், தனித்தனியாகத் தட்டியும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ‘ஸ்ரீ’க்கும் அப்படித்தான். ‘ஔ’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டுகிறவர்கள் ஏராளம். சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பெயர்கள் அகப்பட்டன. தலைப்பெழுத்தைப் புள்ளி வைத்து, வைக்காமல், இடம் விட்டு, விடாமல், ஆங்கில எழுத்தில் என்று எப்படித் தேடினாலும் ஆள் வர வேண்டும். புனைபெயரும் இயற்பெயரும் இரண்டும் உள்ளவர்களில் இயற்பெயர் தெரியக்கூடாது என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். அதைத் தேடலிலிருந்தும் எடுத்தோம்.

பெயர் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது பாதி வேலைதான். பெயர் தெரியாதவரைக் கண்டடைய வைக்க வேண்டும். முகப்பில் பெயர்ப் பட்டியலைப் போடவில்லை. ‘உங்கள் மாவட்டம் எது, கேட்கப்போவது யார், எந்த மாதிரிக் கூட்டம்’ என்ற மூன்று கேள்விதான் முகப்பு. மேடைப் பேச்சு, வட்டமாக உட்கார்ந்து உரையாடல், கதை சொல்லல், எழுத்துப் பட்டறை, இணையவழி என்று எழுத்தாளர்கள் தாங்களே வகையைக் குறித்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் முதலில் வருவார். இதுவரை குறைவாக அழைக்கப்பட்டவரை மேலே வைத்தோம். இது எல்லாருக்கும் பிடிக்கவில்லை. பெயர்பெற்ற ஒருவர் விலகிக்கொண்டார். இந்த முடிவை நான் மாற்றமாட்டேன்.

குறுஞ்செய்தி இன்னொரு பாடம். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் போகும், தமிழில் 70தான். ‘கி’ போன்ற ஓர் எழுத்தே இரண்டாக எண்ணப்படும். தேதி, ஊர், அமைப்பு மூன்றையும் அதற்குள் அடக்க ஒரு வாரம் சொற்களைச் செதுக்கினோம். அப்படியும் வயதானவர்கள் பதில் போடவில்லை. இரண்டு நாளில் பதில் வராவிட்டால் தமிழாசிரியரே போன் செய்வார் என்று வைத்தோம். “ஐயா, உங்களுக்கு ஒரு அழைப்பு வந்திருக்கு, படிச்சுக் காட்டட்டுமா?” என்று தொடங்குவார். தளத்தில் அதிகம் வேலை செய்த பகுதி அவருடைய குரல்தான்.

## பள்ளிகள், 2024 செப்டம்பர் முதல்

அந்தச் செப்டம்பர் தொடக்கத்தில், சென்னையில் இரண்டு அரசுப் பள்ளிகளில் வெளியாள் ஒருவர் பேசிய பேச்சு பெரிய சர்ச்சையானது. பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது. சரியான நடவடிக்கைதான். ஆனால் அடுத்த சில வாரம் தலைமையாசிரியர்கள் யாரையும் உள்ளே அழைக்கவே தயங்கினார்கள்.

எங்களுக்கும் அது அடியாக விழுந்தது. தென்மாவட்டப் பள்ளி ஒன்றுக்குக் கதைசொல்லி ஒருவர் ஒத்துக்கொண்டு பேருந்தும் ஏறிவிட்டார். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வரவில்லை என்று முந்தைய இரவு பத்து மணிக்குத் தலைமையாசிரியர் சொன்னார். திருச்சியில் இறங்கித் திரும்பினார். பயணச் செலவை யார் தருவது என்று எங்கள் தளத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதை நாங்களே கொடுத்தோம்.

அடுத்த வாரம் இரண்டு மாற்றங்கள் செய்தோம். பள்ளி அழைப்பில் ‘அனுமதி வாங்கியாயிற்று’ என்ற கட்டம் வந்தது. அது நிரம்பும் வரை எழுத்தாளருக்கு ‘பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்’ என்று தெரியும். பேசுபவர் யார், என்ன தலைப்பு, எந்தப் புத்தகங்கள் எழுதியவர் என்ற விவரங்களுடன் அனுமதி கோரும் கடிதத்தைத் தளமே அச்சிடும்படி செய்து கொடுக்கும். இது தலைமையாசிரியர்களுக்கு மிகவும் பயன்பட்டது. வந்திருப்பவர் யார் என்று மேலிடத்துக்குக் காட்ட அவர்கள் கையில் ஒரு தாள் இருந்தது. கடைசி மூன்று நாளில் கூட்டம் ரத்தானால், ஆன வழிச்செலவை அழைத்தவர் தர வேண்டும் என்பதும் ஒப்புதலில் சேர்ந்தது.

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. அதற்கேற்ப நினைவூட்டலை மாற்றினோம்: கூட்டத்துக்கு 62 நாள் முன்பு ‘தேதி உறுதியா?’ என்று இரு பக்கமும் கேட்கும். பொங்கலை ஒட்டிய கூட்டங்களுக்கு இது இல்லாமல் முடியாது.

## என்ன நடந்தது

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அதற்குத்தான் முதல் முறையாகக் கூட்டமாக அழைப்புகள் வந்தன. ஜனவரி முதல் மார்ச் வரை பள்ளி, கல்லூரி ஆண்டு விழாக்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்தன. வந்தவற்றில் நடந்தவை அதிகம். சொந்த மாவட்டத்துக்குள் முதல்முறையாக அழைக்கப்பட்டவர்கள் பலர். வட்டமாக உட்கார்ந்தால்தான் பேசுவேன் என்றவரை ஒரு கல்லூரி விடுதி மாணவியர் மொட்டை மாடிக்கு அழைத்தார்கள். மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார்.

நான் நம்பிய ‘சொன்னபடி நடந்ததா’ கேள்வி சரியாக வேலை செய்யவில்லை. சொன்னபடி நடக்காத இடங்களுக்கும் எழுத்தாளர்கள் ‘ஆம்’ என்றே போட்டார்கள். அழைத்துச் சோறு போட்டவர்களைப் பற்றிக் குறை எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து வேறு விதமாகக் கேட்டோம்: “எத்தனை மணிக்குப் பேசத் தொடங்கினீர்கள்?”, “வழிச்செலவு எந்தத் தேதியில் கைக்கு வந்தது?” குறை சொல்லச் சொன்னால் சொல்லாதவர்கள், நடந்ததைச் சொல்லச் சொன்னால் சொன்னார்கள்.

முதல் கூட்டத்தை நடத்திய அதே நூலகர் 2025 பிப்ரவரியில் அதே சிறுவர் எழுத்தாளருக்கு அழைப்பு அனுப்பினார். வழிச்செலவு இவ்வளவு, சன்மானம் இவ்வளவு, பேசும் நேரம் ஐந்தேகால் என்று நிரப்பியிருந்தார். அவர் ஒத்துக்கொண்டார். வாழ்த்துரைகள் அவர் பேசிய பிறகு நடந்தன. அதற்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

புத்தகத் திருவிழாக் குழுக்களை மட்டும் எங்களால் இழுக்க முடியவில்லை. அவர்கள் பட்டியல் தளங்களுக்கு வெளியேதான் முடிவாகிறது.

## இப்போது தொடங்கினால்

தளத்துக்கு முன் ஒரு தொலைபேசி எண்ணையும் ஒரு தாள் படிவத்தையும் வைத்து ஓர் ஆண்டு நடத்தியிருப்பேன். முதல் வடிவத்தில் செய்த தவறுகளில் பாதி அங்கேயே தெரிந்திருக்கும். போன் செய்யும் வேலையை அன்பின் பேரில் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றியிருக்கமாட்டேன். அவருக்கு 70 வயது. எழுத்தாளருக்குச் சன்மானம் தரச் சொல்லும் தளம், தன் வேலையைச் செய்பவருக்கு ஒரு ரூபாயும் தரவில்லை. இப்போது இரண்டு கல்லூரி மாணவர்கள் மாதச் சம்பளத்துக்கு அவரோடு சேர்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று 2025 ஜூலையில் தெரிந்தது. ஒரு பள்ளி அனுப்பிய அழைப்புக்குப் பதில் வராததால் அந்த இரு மாணவர்களில் ஒருவர் போன் செய்தார். எழுத்தாளரின் மகள் எடுத்தார். அப்பா தவறிப் பத்து நாள் ஆகிறது என்றார். சிற்றூரில் இருந்தவர், செய்தித்தாளில் வரவில்லை, எங்களுக்குத் தெரியவில்லை. மாணவர் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டார். அந்தப் பெண்தான், “பரவாயில்ல தம்பி, எந்த ஊர் ஸ்கூல், அப்பாவோட எந்தக் கதைக்காகக் கூப்பிட்டாங்க?” என்று கேட்டாராம்.

அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டாவதாக ஒரு தொடர்பு எண் கேட்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாருக்கும் சும்மா ஒரு போன் செய்கிறோம். அவர் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று மகளிடம் கேட்டோம். பக்கம் இருக்கட்டும், அழைப்புப் பொத்தானை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். பொத்தான் இருந்த இடத்தில் இப்போது அவர் கதைகள் கிடைக்கும் இடம் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு ஆகஸ்டில் மகளே போய் ஒரு கதையைப் பிள்ளைகளுக்கு வாசித்துவிட்டு வந்தார்.